ஒன்பது வோல்ட்

ஜனவரி 3, புதன்

மனநல டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். வடிவு எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு பேசினாள் என்பதையெல்லாம் தினமும் குறித்து வந்தால் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்க வசதியாக இருக்குமாம். எனக்கு இது பழகிய வேலை. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். எந்த லைன் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று முப்பத்திரண்டு வருடம் எழுதியிருக்கிறேன்.

முதலில் விவரம். என் மனைவி பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்தைந்து. தென்காசியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வாலிபால் டீமை உருவாக்கியவள். நவம்பர் 21 அன்று பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. குழறிய பேச்சு இப்போது தெளிந்துவிட்டது. காலும் பாதி வந்துவிட்டது. கோல் ஊன்றினால் நடக்க முடியும். ஆனால் அவள் நடப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

இது சோம்பலோ அடமோ இல்லை என்கிறார் டாக்டர். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இப்படி மனச்சோர்வு வருமாம். அதுவும் ஒரு நோய்தானாம்.

நவம்பர் 21 பற்றி டாக்டர் எழுதச் சொல்லவில்லை. எனவே எழுதவில்லை.

ஜனவரி 5, வெள்ளி

விழிப்பு மூன்றரைக்கு, பிறகு தூக்கமில்லை. இட்லி ஒன்று. பேசியது: “போதும்.” “வேண்டாம்.” “ஃபேன நிறுத்துங்க.” மொத்தம் நான்கு சொற்கள்.

ஜனவரி 10, புதன்

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வடிவுக்குக் குமட்டல். இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உப்புச்சத்து இறங்கியிருக்கிறது. இதற்குமேல் மாத்திரையைக் கூட்ட முடியாது என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேல் மாடியில இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கு. அங்க ஊசி வச்சு, அது வழியா லேசா கரண்ட் குடுப்பாங்க. எலெக்ட்ரோ அக்குபங்சர்னு பேரு. மாத்திரையோட சேத்துக் குடுத்துப் பாக்கலாம்” என்றார்.

“ஊசி எங்க வைப்பாங்க?”

“தலையில.”

நான் எழுந்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வடிவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

1999 ஐப்பசி மழையில் என்னோடு வேலை பார்த்த பரமசிவன் கம்பத்தில் ஏறினான். சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓடிய ஜெனரேட்டர் பின்வழியாக லைனுக்குள் கரண்டைத் தள்ளிவிட்டது. கயிறு கட்டி அவன் உடலை இறக்கியவன் நான். மனித உடம்புக்குள் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகமே. இப்போது என் மனைவி தலையில் நானே கொடுக்கச் சொல்ல வேண்டுமாம்.

வடிவிடம் கேட்டேன். “என்னமும் செய்ங்க” என்றாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜனவரி 12, வெள்ளி

பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்காவை வடிவோடு இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேல் மாடியில் ஜன்னலோரம் நாலு கட்டில் போட்ட அறை. டாக்டர் பெயர் பெனாசிர். எங்கள் மகள் இந்துவின் வயதுதான் இருக்கும். நான் பையிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“என்ன சார் இது?”

“ஒங்க மிஷின ஒரு தடவ அளந்து பாத்துக்கிடுதேம்மா. தப்பா நெனைக்காதீங்க.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸ் அளவிலிருந்த பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பிளக் கிடையாது. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. நான் பதினோராயிரம் வோல்ட் லைனில் வேலை பார்த்தவன். அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முதல்ல எனக்கு வைங்க” என்றேன்.

வைத்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று. முடி போன்ற ஊசி. எறும்பு கடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். இரண்டிலும் கிளிப்பை மாட்டிப் பெட்டியின் திருகைத் திருப்பினார். பெருவிரல் தானாகத் துள்ள ஆரம்பித்தது. நொடிக்கு இரண்டு தடவை. இத்தனை வருடத்தில் என்னைத் தொட்ட கரண்டிலேயே மரியாதை தெரிந்த கரண்ட் இதுதான்.

“இதுல அவளுக்குச் சரியாயிருமாம்மா?”

“தெரியாது சார். சில பேருக்கு நல்லா பலன் தெரியுது. சில பேருக்கு ஒண்ணுமே தெரியல. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது, கை கால் பயிற்சியையும் நிறுத்தக் கூடாது. அதுகூட இதையும் சேத்துக்கிடணும். வாரத்துக்கு மூணு தடவ, எட்டு வாரம்.”

தெரியாது என்று சொன்னதனால் அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஆனாலும் சம்மதம் சொல்ல வாய் வரவில்லை. திங்கள்கிழமை போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திங்கள்கிழமை பொங்கல் என்பது எனக்குத் தெரியும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குக்கரில் வைத்தேன். அடிப்பிடித்தது.

பத்து மணிக்கு வாலிபால் டீம் பிள்ளைகள் ஏழு பேர் கரும்பும் மஞ்சள்குலையுமாக வந்தார்கள். “டீச்சரப் பாக்கணும் சார்.” உள்ளே போய்ச் சொன்னேன். வடிவு இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “அதுகள போகச் சொல்லுங்க. அதுக மொகத்துல நா எப்படி முழிக்க?”

நவம்பருக்குப் பிறகு அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. டீச்சர் தூங்குகிறாள் என்று வாசலில் பொய் சொன்னேன். டீமின் கேப்டன் முத்தரசி கரும்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனாள்.

பிற்பகல் டாக்டர் பெனாசிருக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

ஜனவரி 19, வெள்ளி

முதல் முறை. உச்சந்தலையில் ஒரு ஊசி, புருவ மத்தியில் ஒன்று, தலையின் பக்கவாட்டில் இரண்டு, கையிலும் காலிலும் சில. தலையிலுள்ள ஊசிகளில் மெல்லிய வயர்களை மாட்டினார். முப்பது நிமிடம். நான் ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் வடிவின் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

மாற்றம்: இல்லை.

ஜனவரி 22, திங்கள்

இரண்டாம் முறை. மாற்றம்: இல்லை. வாஷிங் மெஷினில் என் பனியனெல்லாம் இவள் சிவப்புச் சேலையோடு சேர்ந்து ரோஸ் நிறமாகிவிட்டது.

ஜனவரி 24, புதன்

ஆட்டோவில் போகும்போது வடிவு சொன்னாள்: “அன்னைக்கே ஒரேயடியா போயிருந்தா ஒங்களுக்கும் இந்த அலைச்சல் இல்ல.”

மாடிக்குப் போனதும் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஊசியைத் தொடவேயில்லை. “முதல்ல கீழ போவோம் சார்” என்று தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் வடிவோடு ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மாத்திரைகளையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது, இப்படி ஒரு வார்த்தை வந்தால் உடனே போன் பண்ண வேண்டும் என்றார். “சொன்னாங்களே, அது நல்லது. சொல்லாம வச்சிருக்கிறதுதான் ஆபத்து” என்றும் சொன்னார்.

அதன் பிறகு மேலே போய் மூன்றாம் முறை ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

மாத்திரைகள் இப்போது என் டூல்ஸ் பெட்டியில், கட்டிங் பிளேயருக்கு அடியில். சாவி என் அரைஞாணில்.

ஜனவரி 31, புதன்

ஐந்தாம் முறை. பாதியில் வடிவு, “கொஞ்சம் கொறைங்க. சுள்ளுனு இருக்கு” என்றாள்.

டாக்டர் திருகைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், “கவனிச்சீங்களா சார்? இதுவரைக்கும் இங்க வந்து எனக்கு இது வேணும், இது வேண்டாம்னு அவங்க சொன்னதே இல்ல” என்றார். கவனித்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

விழிப்பு ஐந்தே காலுக்கு. ஐந்தே கால்!

பிப்ரவரி 7, புதன்

தோசை இரண்டரை. தேங்காய்ச் சட்னியில் உப்பு அதிகம் என்று புகார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டியின் விளக்கு மங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அறையில் வேறு பேட்டரி இல்லை. புதுசு கேட்டு கிளார்க் சீட்டு எழுத ஆரம்பித்தார். நான் படியிறங்கி ஓடிப்போய் எதிர்க்கடையில் ஒன்று வாங்கி வந்து நானே மாட்டினேன். வடிவு தலையில் ஊசிகளோடு படுத்தபடி, “ரிட்டயர் ஆகியும் சப்ளை குடுக்கிற வேல போகல பாருங்க” என்றாள். டாக்டர் பெனாசிர் சிரித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

பத்தாம் முறை. பேப்பரில் விளையாட்டுப் பக்கம் கேட்டாள். கைப்பயிற்சி சொல்லித்தருகிறவர் வந்தபோது, எண்ணிக்கையைத் தப்பாக எண்ணுகிறார் என்று திருத்தினாள். இந்து கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். இருவரும் ஆறு நிமிடம் பேசினார்கள்.

எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. வெயில் ஏறுகிறது, அதனால் இருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி

பாதிச் சிகிச்சை முடிந்ததால் டாக்டர் பெனாசிர் ஒரு படிவத்தை நிரப்பினார். மனச்சோர்வின் மதிப்பெண் இருபத்துமூன்றிலிருந்து பதினாறுக்கு இறங்கியிருக்கிறதாம். குறையக் குறைய நல்லதாம். கடைசியில் ஒரு கேள்வி. “பக்கவாதம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?”

“காலையில” என்றேன்.

“எத்தனை மணி சார்?”

“பழைய சீட்டுல இருக்கும்மா. பாத்துக்கோங்க.”

வடிவு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

இதில் எழுத வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 21. காலை 5.40. வடிவு டீத் தம்ளரைக் கீழே போட்டாள். “கை மரத்துப் போச்சுங்க. விரல மடக்க முடியல” என்றாள். நான் அவள் கையைத் தேய்த்துவிட்டு, “ஒருச்சாஞ்சு படுத்திருப்ப. கொஞ்ச நேரம் தூங்கு, சரியாயிரும்” என்றேன். அவள் படுத்தாள். நான் தெற்குத் தெருவில் ஒருவர் தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்ததால் போய்விட்டேன். மோட்டார் சரியாகிவிட்டது. அங்கேயே சாப்பிட்டேன். 11.20க்குத் திரும்பி வந்தபோது அவள் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். உண்மையைச் சொன்னேன். “நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பக் கரைக்கிற ஊசி போட்டிருப்போம்” என்றார். இந்துவிடமும் மற்றவர்களிடமும், பதினொரு மணிக்குத்தான் வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வடிவுக்கு அன்றைய காலை ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

கரண்டுக்குப் பயந்து சம்மதம் சொல்லவில்லை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. அவள் மனம் தெளிந்தால் அந்தக் காலையைப் பற்றிக் கேட்பாளே என்ற பயமும் இருந்தது. இப்படியும் ஒரு புருஷன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அவளுடைய வலது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மணி உட்பட.

வடிவு இடது கையால் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து எறிந்தாள். கதவில் பட்டு உருண்டது. “மோட்டாரு! எவன் வீட்டு மோட்டாருக்கோ ஓடுனிய! நா தரையில கெடந்து ஒங்களக் கூப்பிட்டேன். ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், தெரியுமா? தளவாய், தளவாய்னு. கட்டுன நாள்லேருந்து ஒங்க பேர நா சொன்னதே கெடையாது!”

நான் தரையைத் துடைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

என்னோடு பேசவில்லை. இந்துவோடு போனில் நாற்பது நிமிடம். இந்துவுக்கும் இப்போது தெரியும்.

ஆஸ்பத்திரியில், “நீங்க வெளியில நில்லுங்க” என்றாள். முதல் தடவையாக நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முப்பது நிமிடம் கழித்து டாக்டர் பெனாசிர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லா அழுதாங்க சார். கோவமா இருக்காங்க.”

“கெடுத்துட்டேனாம்மா? இத்தன நாள் செஞ்சதெல்லாம் வீணாப் போச்சா?”

“எதுவுமே வேண்டாம்னு கெடந்தவங்க கோவப்படுறாங்க. நா அதக் கெட்டதா எடுத்துக்கல.” பிறகு, “நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன். “நீங்களும் ஒரு நாள் கீழ டாக்டரப் பாத்துருங்க சார்” என்றார்.

பிப்ரவரி 22, வியாழன்

பேசவில்லை. கோல் ஊன்றி அவளாகவே சமையலறை வரை போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். என்னைக் கூப்பிடக் கூடாது என்பதற்காக.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வடிவு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அதை வச்சுட்டு இங்க உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன்.

“தம்ளர் விழுந்தப்பவே எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்னது?”

“இது என்னன்னு தெரியும். வருசா வருசம் முதலுதவிப் பாடம் நடத்துறவ நான். கை மரத்தா, வாய் கோணுனா, பேச்சு குழறுனா ஒடனே ஆஸ்பத்திரின்னு பிள்ளைங்களுக்கு மனப்பாடமா சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னைக்குப் பதினோரு மணிக்கு ஃபைனலு. ஒம்பது வருசம் கழிச்சு எங்க டீமு ஃபைனல் வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிருவாங்க. கொஞ்சம் தூங்குனா சரியாயிரும்னு நீங்க சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. அதான் படுத்தேன்.”

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“பொங்கலுக்கு அதுக வந்துச்சே. அந்தப் பாடத்தப் படிச்ச பிள்ளைங்க. டீச்சருக்கே தெரியலையான்னு ஒரு கேள்வி கேட்டா நா என்ன சொல்ல? மூணு மாசமா இதுதான் உள்ள ஓடிட்டிருந்துச்சு. சொல்ல ஆளில்ல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“நீங்க சொன்னியளா?”

ஒரே கட்டிலின் இரண்டு ஓரங்களில் இரண்டு பேரும் ஒரே காலைப்பொழுதைத் தனித்தனியாக ஒளித்துவைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். அவள் கையைப் பிடித்தேன். வலது கை. இடது கையால் விலக்கவில்லை.

“கோவம் போயிட்டுன்னு நெனைக்காதிய” என்றாள்.

“நெனைக்கல.”

மார்ச் 6, புதன்

நானும் கீழே உள்ள டாக்டரைப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து பேசச் சொல்லியிருக்கிறார். நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன்.

வடிவு: இட்லி மூன்று. வலது பெருவிரல் ஆள்காட்டி விரலைத் தொடுகிறது.

மார்ச் 15, வெள்ளி

இருபத்துநான்காம் முறை, கடைசி. மதிப்பெண் ஏழு. ஊசியாலா, மாத்திரையாலா, நாளானதாலா, மனசு விட்டுப் பேசியதாலா என்று கேட்டேன். “பிரிச்சுச் சொல்ல முடியாது சார். எல்லாம் சேந்துதான்” என்றார் டாக்டர் பெனாசிர். மாத்திரை இன்னும் சில மாதம் தொடர வேண்டும். மறுபடி சோர்வு தட்டினால் ஒளிக்காமல் வந்துவிட வேண்டும். இரண்டாவதைச் சொல்லும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் வடிவு தலைமையாசிரியைக்குப் போன் பண்ணினாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் வேண்டும் என்றாள். வேலைக்குத் திரும்ப இன்னும் நாளாகும், ஒரே ஒரு வகுப்பு மட்டும் எடுக்க வேண்டும் என்றாள்.

“நீங்களும் வரணும்” என்றாள் என்னிடம்.

“நான் எதுக்கு?”

“வாங்க சொல்லுதேன்.”

மார்ச் 22, வெள்ளி

பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் எண்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வடிவு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று கோலை ஊன்றி நின்றாள். சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். ஒன்று தெரிந்தாலும் மணியைப் பார்க்க வேண்டும், 108க்குப் போன் பண்ண வேண்டும் என்றாள். பிறகு, “இதெல்லாம் தெரிஞ்சும் நா படுத்துத் தூங்குனேன். மேட்ச் பாக்கணும்னு ஆச. அதுனாலதான் இந்தக் கை இப்படி இருக்கு” என்று கோலை இடுப்பில் சாய்த்துக்கொண்டு வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினாள். முன்வரிசையில் முத்தரசி அழுதுகொண்டிருந்தாள்.

“அடுத்தது சார் பேசுவாங்க” என்றாள்.

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்றேன். 5.40க்கு என்ன சொன்னேன், எங்கே போனேன், 11.20க்கு என்ன பார்த்தேன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். “வீட்டுல யாராவது கை மரத்துப் போச்சுன்னு சொன்னா, தூங்குன்னு மட்டும் சொல்லாதீங்க” என்று முடித்தேன்.

பின்வரிசையிலிருந்து ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், டீச்சர் இப்பவும் ஒங்க மேல கோவமா இருக்காங்களா?”

நான் வடிவைப் பார்த்தேன்.

“இருக்கேன்” என்றாள் வடிவு, கோலுக்குப் பதில் என் தோளில் கையை ஊன்றி நின்றுகொண்டு. “அடுத்த கேள்வி.”